பிடுங்கும் முன் கணுவைப் பாருங்கள்

வாசகர் கேள்வி: முறைப்படி உரிமம் பெற்று, அரை ஏக்கர் நிலத்தில் விதை அறுவடைக்காக ஹெம்ப் எனப்படும் தொழில்துறைக் கஞ்சாவைப் பயிரிட்டிருக்கிறேன். முளைத்து 5 வாரங்கள் ஆகின்றன. "ஆண் செடியால் பயன் ஒன்றுமில்லை. உயரமாக, ஒல்லியாக நிற்பவை எல்லாம் ஆண். அவற்றை உடனே பிடுங்கிவிட வேண்டும்" என்று இந்தப் பயிரில் பழக்கமுள்ள நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி, 3 நாள்களுக்கு முன் 11 செடிகளைப் பிடுங்கி வரப்பில் போட்டேன். அதன் பிறகு மனம் சமாதானம் ஆகவில்லை. ஆண் செடியையும் பெண் செடியையும் உறுதியாக எப்படி வேறுபடுத்துவது? அடுத்த முறை விதையின் வடிவத்தைப் பார்த்தே பெண் விதைகளைப் பொறுக்கி விதைக்க முடியுமா?

பதில்:

மதிப்பிற்குரிய வாசகருக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தைப் படித்தவுடன் எனக்கு முதலில் சொல்லத் தோன்றியது, இனி ஒரு செடியையும் பிடுங்காதீர்கள் என்பதுதான். ஆணையும் பெண்ணையும் பிரித்தறியும் வழியைக் கேட்டிருக்கிறீர்கள். அதை விரிவாகவே எழுதுகிறேன். ஆனால் அதைவிட முக்கியமான செய்தி உங்கள் கடிதத்தின் முதல் வரியிலேயே இருக்கிறது. நீங்கள் விதைக்காகப் பயிரிட்டிருக்கிறீர்கள். ஆண் பூவின் மகரந்தம் பெண் பூவின் சூல்முடியில் படாவிட்டால் விதை பிடிக்காது. நண்பரின் யோசனைப்படி ஆண் செடிகள் அனைத்தையும் பிழையின்றி அடையாளம் கண்டு நீக்கியிருந்தீர்கள் என்றால், பருவத்தின் முடிவில் உங்கள் நிலத்தில் பெண் செடிகள் செழித்து நிற்கும், அறுத்தெடுக்க விதை இருக்காது. 11 செடிகளோடு கையை நிறுத்திக்கொண்டது நல்லதாயிற்று. அரை ஏக்கரில் அந்த இழப்பு பெரிதாகத் தெரியாது.

நண்பர் வேண்டுமென்றே தவறாகச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. மருந்துப் பொருளுக்காகக் கஞ்சா வளர்க்கும் உரிமம் பெற்ற பண்ணைகளில், ஆண் செடிகளை மகரந்தம் சிந்துவதற்கு முன்பே நீக்கிவிடுவார்கள்; சூலுற்ற பூ தன் ஊட்டத்தை விதைக்குத் திருப்பிவிடும் என்பதால் அங்கே விதை பிடிப்பதே இழப்பு. ஒரே செடியில் ஆண் பூவும் பெண் பூவும் பூக்கும்படி உருவாக்கப்பட்ட ஓரில்ல ரகங்களின் விதைப் பண்ணைகளிலும், இடையிடையே தலைகாட்டும் தனி ஆண் செடிகளை ரகத் தூய்மை கருதிக் களைந்துவிடுவது வழக்கம். அந்த இரண்டு இடங்களுக்கும் பொருத்தமான அறிவுரை உங்கள் வயலுக்கு இடம் மாறி வந்துவிட்டது. ஆகவே செடிகளிடம் போவதற்கு முன் விதைப் பையில் ஒட்டியிருந்த சீட்டை எடுத்துப் பாருங்கள். ரகத்தின் பெயர் தெரிந்தால் அது ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகளாக வரும் ஈரில்ல ரகமா, ஓரில்ல ரகமா என்பதை விதை கொடுத்தவரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளலாம். ஓரில்ல ரகமாக இருந்தால், ஆணா பெண்ணா என்ற கேள்வியே பெரும்பாலான செடிகளுக்குப் பொருந்தாது. நான் இனி எழுதுவது, உங்களுடையது ஈரில்ல ரகம் என்று வைத்துக்கொண்டு எழுதுவது.

கஞ்சா இயல்பிலேயே ஈரில்லத் தாவரம். பனையில் ஆண் பனை வேறு, பெண் பனை வேறு என்று இருப்பதைப் போல இதிலும் ஆண் பூக்கள் ஒரு செடியிலும் பெண் பூக்கள் இன்னொரு செடியிலும் பூக்கின்றன. லின்னேயஸ் 1753இல் இதற்குக் கன்னாபிஸ் சட்டைவா என்று பெயர் சூட்டியபோது, ஈரில்லத் தாவரங்களின் வகுப்பில், 5 மகரந்தத்தாள்கள் கொண்டவற்றின் வரிசையில் இதை வைத்தார். ஹெம்ப் என்ற சொல்லைத் தமிழில் சணல் என்று எழுதிவிடுகிறவர்கள் உண்டு என்பதால் இங்கே ஓர் எச்சரிக்கை. நாம் சணல் என்று சொல்லும் நார்ப்பயிரும், பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணப்பும் முற்றிலும் வேறு குடும்பங்களைச் சேர்ந்தவை. அவற்றில் ஒவ்வொரு பூவுமே இருபால் பூ. அவற்றைப் பற்றி எழுதப்பட்ட குறிப்புகளை வைத்து இந்தப் பயிரைக் கணிக்க முயன்றால் குழப்பமே மிஞ்சும்.

ஒரு செடி ஆணா பெண்ணா என்பதன் அடிப்படை, கருவுறும் தருணத்திலேயே குரோமோசோம்களால் அமைந்துவிடுகிறது. கஞ்சாவில் 10 இணை குரோமோசோம்கள் உள்ளன. அவற்றில் ஓர் இணை பாலைத் தீர்மானிப்பது. இரண்டு எக்ஸ் இருந்தால் பெண், ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும் இருந்தால் ஆண். அதனால் சாதாரண ஈரில்ல விதையில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வரும். இந்தப் 'பாதிக்குப் பாதி' என்பதைச் சிறு எண்ணிக்கையில் எதிர்பார்த்து ஏமாறுகிறவர்கள் அதிகம். 10 விதை ஊன்றினால் சரியாக ஐந்துக்கு ஐந்து அமையும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான். ஏதோ ஒரு பால் ஏழோ அதற்கு மேலோ வருவது மூன்றில் ஒரு முறைக்குச் சற்று அதிகமாகவே நிகழும். ஒரு வரிசையில் தொடர்ந்து ஆண் செடிகளாக வந்தால் விதையில் குற்றம் என்று முடிவுகட்ட வேண்டாம். அரை ஏக்கர் முழுவதையும் எண்ணினால் கணக்கு நேராகிவிடும்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது சுருக்கமானது. விதையைப் பார்த்துப் பாலைச் சொல்ல முடியாது. உருண்டை விதை பெண், நீண்ட விதை ஆண், அடியில் குழி இருந்தால் பெண், ஓட்டில் கோடுகள் அடர்ந்திருந்தால் ஆண் என்றெல்லாம் படம் போட்டு விளக்கும் பட்டியல்கள் நெடுநாளாகச் சுற்றிவருகின்றன. அவை ஏன் பொய்யாகத்தான் இருக்க முடியும் என்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. நாம் விதை என்று கையில் எடுப்பது உண்மையில் ஒற்றை விதை கொண்ட சிறு உலர்கனி. அதன் ஓடு தாய்ச் செடியின் சூலகச் சுவரிலிருந்து உருவானது. அதன் மேல் தெரியும் புள்ளியும் வரியும் தாய்ப் பூவின் எச்சங்கள். ஆணாகவோ பெண்ணாகவோ வளரப்போவது உள்ளேயிருக்கும் கரு. ஓட்டின் வடிவம் தாயைப் பற்றிச் சொல்லுமே தவிர உள்ளேயிருக்கும் பிள்ளையைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

உயரத்துக்கு வருவோம். நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் அது இவ்வளவு ஆபத்தானது. சராசரியாகப் பார்த்தால் ஆண் செடிகள் சற்று உயரமாகவும், தண்டு மெலிந்தும், கணுவிடை நீண்டும், உச்சியில் இலை குறைந்தும் இருக்கும். பெண் செடிகள் கிளைத்து, இலை அடர்ந்து நிற்கும். ஆனால் இந்த வேறுபாடு பூக்கும் பருவத்தில்தான் தெளிவாகத் தெரியத் தொடங்கும், அப்போதும் அது சராசரியில் தெரியும் வேறுபாடே. 5 வாரச் செடியில் உயரத்தைக் கூட்டுபவை வேறு. நெருக்கமாக விழுந்த விதைகள் வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு ஒல்லியாக ஓங்கும். ஈரம் தங்கிய பள்ளத்தில் நிற்கும் செடி முந்தும். இரண்டு நாள் முன்னதாக முளைத்த செடி தன் பக்கத்துச் செடியை நிழலில் தள்ளி உயரும். இப்படி உயர்ந்து நிற்பதில் பெண் செடிகளும் ஏராளமாக இருக்கும். நீங்கள் பிடுங்கிய பதினொன்றில் ஒரு பகுதி பெண்ணாக இருந்திருக்கக்கூடும் என்றே எண்ணுகிறேன்.

தோற்றத்தை வைத்துப் பால் பிரிப்பது எவ்வளவு தூரம் தடம் மாற்றும் என்பதற்கு மொழியிலேயே சான்று இருக்கிறது. பழைய ஆங்கில உழவர்கள் மெலிந்து, முந்திப் பழுத்து, முந்திச் சாகும் செடியைப் பெண் என்று பொருள்படும் 'ஃபிம்பிள்' என்ற பெயராலும், தடித்து வளர்ந்து விதை தாங்கும் செடியை ஆண்மகன் என்று பொருள்படும் 'கார்ல்' என்ற பெயராலும் அழைத்தார்கள். வலியது ஆண், மெலியது பெண் என்ற எண்ணத்தில் பிறந்த பெயர்கள் அவை, இரண்டும் நேர்மாறானவை.

பார்க்க வேண்டிய இடம் கணு. இலைக்காம்பு தண்டோடு சேரும் அந்த மூலையில்தான் செடி தன் பாலை முதன்முதலில் வெளிக்காட்டுகிறது. முழுப் பூங்கொத்து வருவதற்கு வெகு முன்பே, முளைத்து 4 முதல் 6 வாரங்களுக்குள், முதன்மைத் தண்டின் மேற்பகுதிக் கணுக்களில் ஒன்றிரண்டு தனிப் பூக்கள் தோன்றும். இவற்றை முன்பூக்கள் என்று நாங்கள் சொல்வோம். ஆகவே நீங்கள் எழுதியிருக்கும் காலம் மிகச் சரியான காலம். இன்னொரு குறிப்பும் உதவும். இளம் செடியில் இலைகள் எதிரெதிராக இணை இணையாக வரும். செடி பூக்கும் தகுதியை நெருங்கும்போது அந்த ஒழுங்கு மாறி, ஒரு கணுவுக்கு ஓர் இலை என்று மாற்றிலை அமைப்பு வரும். உச்சியில் இந்த மாற்றத்தைக் கண்டால், அதற்கு அண்மையிலுள்ள கணுக்களைப் பொறுமையாகத் தேடுங்கள். ஒரு சிறிய கைலென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், 10 மடங்கு பெருக்கிக் காட்டினால் போதும். வெறுங்கண்ணால் பார்த்து முடிவெடுப்பதைத் தொடக்கத்திலேயே தவிர்த்துவிடுங்கள்.

ஆண் முன்பூ ஒரு சிறு மொட்டு. உருண்டையாக அல்லது சற்று நீள்உருண்டையாக, மேற்பரப்பு வழவழப்பாக, நுனியில் இழை எதுவும் இல்லாமல், ஒரு குட்டைக் காம்பின் மேல் நிற்கும். அந்தக் காம்புதான் முக்கியம். காம்பின் மேல் உருண்டை என்பதை நினைவில் வைத்துக்கொண்டால் சீட்டுக்கட்டின் இஸ்பேட் குறி போன்ற அந்த வடிவம் எளிதில் கண்ணில் படும். சில நாள்களில் ஒன்று இரண்டாகி, பிறகு சிறு கொத்தாகத் தொங்கத் தொடங்கும். முதிர்ந்து விரியும்போது வெளிர்பச்சையும் மஞ்சளும் கலந்த 5 இதழ்களும், கீழ்நோக்கித் தொங்கும் 5 மகரந்தத்தாள்களும் தெரியும். செடியை இலேசாகத் தட்டினாலே மஞ்சள் தூள் பறக்கும்.

பெண் முன்பூ காம்பில்லாமல் கணுவோடு ஒட்டி உட்கார்ந்திருக்கும். அடி பருத்து நுனி கூம்பிய, பேரிக்காய் போன்ற ஒரு பச்சை உறை. அது உண்மையில் சூலகத்தைப் போர்த்தியிருக்கும் பூவடிச்செதில். லென்ஸில் அதன் மேல் மிக நுண்ணிய சுரப்புத் தூவிகள் மின்னுவதைக் காணலாம். அந்த உறையின் நுனியிலிருந்து இரண்டு வெண்மையான இழைகள் கவை போலப் பிரிந்து வெளியே நீளும். அவைதான் சூல்முடிகள், காற்றில் வரும் மகரந்தத்தைப் பிடிப்பவை. அந்த இரண்டு இழைகளைக் கண்டால் அது பெண் பூ என்பதில் ஐயமில்லை. பெண் பூவில் ஒரே ஒரு சூல்தான் உண்டு, எனவே ஒரு பூவுக்கு ஒரு விதை. மகரந்தம் ஏற்ற சூல்முடி வாடிப் பழுப்பாகிச் சுருங்கும்.

இழை இன்னும் வெளிவராத இளம் பெண் பூ, உருண்டை மொட்டாகவே தெரிந்து ஆண் என்று எண்ண வைக்கும். பிழை பெரும்பாலும் இங்கேதான் நேர்கிறது. காம்பு இருக்கிறதா, நுனி கூம்பியிருக்கிறதா என்று பாருங்கள். அப்போதும் தெளிவில்லை என்றால் அந்தச் செடியில் ஒரு நூலைக் கட்டிவிட்டு 4, 5 நாள் கழித்து மீண்டும் பாருங்கள். காத்திருப்பதால் ஆகப்போகும் இழப்பு ஒன்றுமில்லை, ஏனெனில் முன்பூவாகத் தோன்றிய ஆண் மொட்டு விரிந்து மகரந்தம் சிந்த இன்னும் நாள்கள் இருக்கின்றன.

இரண்டாவது பிழை இலையடிச்செதிலால் வருவது. ஒவ்வொரு கணுவிலும், இலைக்காம்பின் இரு பக்கத்திலும், மெல்லிய, கூர்நுனி கொண்ட பச்சைச் செதில்கள் உண்டு. அவை ஆணிலும் உண்டு, பெண்ணிலும் உண்டு. பாலுக்கும் அவற்றுக்கும் தொடர்பே இல்லை. பணியின் தொடக்க ஆண்டுகளில் ஒரு சோதனைப் பாத்தியில் நான் அந்தக் கூரிய செதில்களைச் சூல்முடி என்று கருதி 40க்கும் மேற்பட்ட செடிகளுக்குப் பெண் என்று சீட்டுக் கட்டினேன். இரண்டு வாரம் கழித்து அவற்றில் பாதி மஞ்சள் தூளை உதிர்த்தன, அந்தப் பருவத்தின் கலப்புச் சோதனை முழுவதும் வீணாயிற்று. அன்றிலிருந்து ஒரே கணுவைப் பார்த்து எழுதும் வழக்கத்தை விட்டுவிட்டேன். ஒரு செடியில் குறைந்தது 3 கணுக்களில் ஒரே அடையாளத்தைக் கண்ட பிறகே சீட்டில் எழுதுகிறேன். செதில் பச்சை, தட்டை, ஒற்றைக் கூர். சூல்முடி வெள்ளை, மயிரிழை, இரட்டை. இந்த வேறுபாடு கையில் பழகிவிட்டால் ஒரு செடிக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

முந்திப் பூப்பவை பெரும்பாலும் ஆண் செடிகள். அதனால் முதல் வாரம் நீங்கள் உறுதியாக அடையாளம் காண்பவற்றில் ஆண் செடிகளே மிகுந்திருக்கும், வயல் முழுவதும் ஆணாகிவிட்டதோ என்ற கலக்கம் வரும். பெண் செடிகள் இன்னும் தம்மை வெளிக்காட்டவில்லை என்பதே அதன் பொருள்.

இதற்கும் முன்பே தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா என்று கேட்பீர்கள். இரண்டு வழிகள் உள்ளன. கஞ்சா குறும்பகல் தாவரம். இரவு நீளும்போது பூக்கும். ஒரு செடியிலிருந்து சிறு போத்தை நறுக்கி வேர்பிடிக்க வைத்து, நாளொன்றுக்கு 12 மணி நேரம் முழு இருட்டில் வைத்தால், ஏறக்குறைய இரண்டு வாரங்களில் அந்தப் போத்து பூத்துத் தாய்ச் செடியின் பாலைச் சொல்லிவிடும், தாய்ச் செடி தன் போக்கில் வளர்ந்துகொண்டிருக்கும். இனவிருத்தி செய்வோருக்கு இது பயனுள்ள முறை. மற்றொன்று மரபணுச் சோதனை. ஒய் குரோமோசோமோடு சேர்ந்து வரும் டிஎன்ஏ அடையாளங்களை 1990களிலேயே ஆய்வாளர்கள் கண்டறிந்துவிட்டார்கள். ஒரு சிறு இலைத்துண்டு போதும், முதல் இலைகள் விரிந்த நாற்றிலேயே முடிவு தெரிந்துவிடும். அரை ஏக்கர் விதைப் பயிருக்கு இந்த இரண்டுமே தேவையற்ற செலவு என்பது என் கருத்து. கைலென்ஸும் இரண்டு வாரப் பொறுமையும் உங்களுக்குப் போதும்.

மரபணுச் சோதனை சொல்வது குரோமோசோமை. செடி எந்தப் பூவைப் பூக்கும் என்பது பெரும்பாலும் அதன்படியே நடக்கும், எப்போதும் அன்று. 1694இல் ருடால்ஃப் கமராரியஸ் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர், தாவரங்களுக்கும் ஆண் பெண் உண்டு என்பதைச் சோதனைகளால் நிறுவி எழுதியபோது, ஆணிடமிருந்து பிரித்து வைத்த பெண் கஞ்சாச் செடிகளிலும் சில விதைகள் பிடித்தது அவரை வருத்தியது. காற்றில் வெகு தூரத்திலிருந்து வந்த மகரந்தம் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பெண் செடியிலேயே ஓரிரு ஆண் பூக்கள் தோன்றியது இன்னொரு காரணமாக இருந்திருக்கலாம். இந்த இரண்டாவது நிகழ்வு இன்று நன்கு அறியப்பட்டது. 1920களில் ஜான் ஷாஃப்னர் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் பகல் நீளத்தை மாற்றியே கஞ்சாவில் பால் மாற்றம் நிகழ்வதைக் காட்டினார். தில்லிப் பல்கலைக்கழகத்தில் எச். ஒய். மோகன் ராமும் அவருடைய மாணவர்களும் 1970களிலும் 1980களின் தொடக்கத்திலும் செய்த ஆய்வுகள் இந்தத் துறைக்கே அடித்தளமானவை. ஜிப்ரலின் என்ற வளர்ச்சி ஊக்கி, குரோமோசோம்படி பெண்ணான செடியில் ஆண் பூக்களைத் தோற்றுவிப்பதை அவர்கள் காட்டினார்கள். பெண் பூவைத் தூண்டும் எத்திலீன் என்ற தாவர ஊக்கியின் செயலைத் தடுக்கும் வெள்ளிச் சேர்மங்களாலும் பெண் செடியில் ஆண் பூக்கள் தோன்றுவதையும், அவை வளமான மகரந்தத்தையே தருவதையும் காட்டினார்கள். அந்த மகரந்தத்தில் ஒய் இருக்க வழியில்லை, எனவே அதனால் பிடிக்கும் விதைகள் ஏறக்குறைய அனைத்தும் பெண்ணாகவே முளைக்கும். சந்தையில் 'பெண்ணாக்கப்பட்ட விதை' என்று விற்கப்படுவதன் அறிவியல் இதுதான். விதையைப் பொறுக்கிப் பெண்ணைப் பெற முடியாது, ஆனால் இந்த வழியில் உருவாக்கிப் பெற முடியும். உங்களைப் போல விதை அறுவடை நோக்கம் கொண்டவர் அதை வாங்கினால், வயலில் மகரந்தம் தரச் செடி இராது.

வயலில் கடும் வெப்பம், கிளை முறிவு, நீண்ட வறட்சி போன்ற நெருக்கடிகளில் சில பெண் செடிகள் பருவ இறுதியில் தம் பூங்கொத்துக்குள் மஞ்சள் நிற மகரந்தப்பைகளை நேரடியாகவே வெளித்தள்ளும். இதில் மரபுக்கும் பங்கு உண்டு. அத்தகைய செடிகளைக் கண்டால் அவற்றின் விதையை அடுத்த விதைப்புக்கு எடுக்காமல் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

இனி ஆண் செடிகளை என்ன செய்வது? பூத்து மகரந்தம் சிந்தும் வரை அப்படியே விடுங்கள். தேன் இல்லாவிட்டாலும் மகரந்தத்துக்காகத் தேனீக்கள் வரும். அவற்றால் விதைப் பிடிப்பு கூடப் போவதில்லை, இந்தப் பயிருக்குக் காற்றே போதும். எனினும் அந்த நாள்களில் மருந்து தெளிப்பதைத் தவிருங்கள். உங்களுக்கோ உடன் உழைப்பவர்களுக்கோ ஒவ்வாமை இருந்தால், மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு வயலில் இறங்குங்கள். பெண் பூக்களின் வெள்ளை இழைகள் பெரும்பாலும் பழுப்பாகியதைக் கண்ட பிறகு ஆண் செடிகளின் பணி முடிந்தது. அவை தாமாகவே மஞ்சளடைந்து சாகத் தொடங்கும். அப்போது அவற்றை நீக்கினால், இன்னும் 4 முதல் 6 வாரம் விதை முற்ற வேண்டிய பெண் செடிகளுக்கு வெளிச்சமும் ஈரமும் மிச்சமாகும். ஆண் செடியின் நார் மென்மையானது என்பதால் அது வீணாகவும் போகாது. இது புதிய கண்டுபிடிப்பு ஒன்றும் அன்று. சீனத்தில் 6ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வேளாண் அறிஞர் ஜியா சிஷியே, ஆண் செடி தூள் விட்ட பிறகே அதைப் பிடுங்க வேண்டும், தூள் விடும் முன் பிடுங்கினால் விதை பிடிக்காது என்று எழுதிவைத்தார். ஆண் செடிக்கும் பெண் செடிக்கும் தனித்தனி எழுத்தே வைத்திருந்த மொழி அது.

மகரந்தத்தைப் பற்றி இன்னொன்று. ஒரே ஒரு ஆண் பூ இலட்சக்கணக்கான துகள்களைச் சிந்தவல்லது. ஒவ்வொரு துகளும் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு அளவே இருக்கும். மொராக்கோவின் வயல்களிலிருந்து கிளம்பிய கஞ்சா மகரந்தம் கடலைத் தாண்டி ஸ்பெயினின் மாலகா நகரத்துக் காற்றில் பதிவானதை 1990களில் ஆய்வாளர்கள் கண்டார்கள். உங்களைச் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள் விதையில்லாப் பூவுக்காகவோ ஓரில்ல ரக விதைக்காகவோ பயிரிடும் உரிமதாரர் இருந்தால், உங்கள் ஆண் செடிகள் பூக்கும் நாளை அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பூத்த பிறகு சொல்வதில் பயனில்லை, அதற்குள் அவருடைய ஓர் ஆண்டு உழைப்பு பாழாகியிருக்கும்.

உரிமம் பற்றியும் ஒரு சொல். போதைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை பெண் செடியின் பூநுனிகளையே கட்டுப்பாட்டுக்குரிய பொருளாக வரையறுத்தது. அதே நோக்கத்துக்கான 1961ஆம் ஆண்டின் பொது உடன்படிக்கை 'பெண்' என்ற அந்தச் சொல்லை விட்டுவிட்டு, கஞ்சாச் செடியின் பூநுனி, காய்நுனி என்று பொதுவாக்கிவிட்டது. ஆகவே ஆண் செடிதானே என்று, பிடுங்கியவற்றைக் கேட்பவருக்குக் கொடுத்துவிடவோ கணக்கில் சேர்க்காமல் விடவோ கூடாது. உங்கள் உரிமத்தில் அழிப்புக்கு என்ன முறை சொல்லப்பட்டிருக்கிறதோ அதன்படி, நாளும் எண்ணிக்கையும் பதிவேட்டில் எழுதி அழிக்க வேண்டும்.

அதற்கு முன், வரப்பில் கிடக்கும் அந்த 11 செடிகளை ஒரு முறை எடுத்துப் பாருங்கள். இலைகள் வாடியிருந்தாலும் முன்பூக்கள் கணுவைவிட்டு எளிதில் உதிர்வதில்லை. காய்ந்த நிலையிலும் காம்பின் மேல் நிற்கும் உருண்டையையும், ஒட்டி உட்கார்ந்த கூம்பையும் லென்ஸில் பிரித்தறியலாம். ஒவ்வொன்றிலும் மேலிருந்து 3 அல்லது 4 கணுக்களைப் பார்த்து, ஆண், பெண், இன்னும் தெரியாதது என்று எழுதிவைத்துக்கொண்டு, பிறகு வயலில் நிற்கும் செடிகளுக்குப் போங்கள்.